சைக்கிள் சீட்டு ஏன் வலிக்கிறது? அகலம், உயரம், சாய்வு: ஓர் அறிமுகம்

சைக்கிள் சீட்டு வலிக்கிறது என்றால் பெரும்பாலோர் முதலில் செய்வது, கடை வாசலில் தொங்கும் ஜெல் கவர் ஒன்றை வாங்கி மாட்டுவதுதான். அதிலும் வலி தீராவிட்டால், இருப்பதிலேயே அகலமான, பஞ்சு அதிகமான சீட்டாகப் பார்த்து மாற்றுகிறார்கள். சேலம் கோரிமேட்டிலிருந்து ஏற்காடு அடிவாரம் வரை போய்த் திரும்புகிறவருக்கு இது ஓரளவு போதுமானதாகவே தோன்றும். அடிவாரத்தைத் தாண்டி மலைப்பாதையில் ஏறத் தொடங்கி, மணிக்கணக்கில் சீட்டிலேயே அமர்ந்து மிதிக்க வேண்டி வரும்போதுதான் அந்தப் பஞ்சே வேதனை தரத் தொடங்கும். சீட்டு எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்பதைவிட, உடம்பின் எந்த இடம் அதன்மேல் தங்குகிறது என்பதே முக்கியம். அதைத் தீர்மானிப்பவை நான்கு: சீட்டின் அகலம், அதன் உயரம், முன்பின் இருப்பு, சாய்வு. இவற்றில் அகலத்தை மாற்றத்தான் பணம் செலவாகும். மற்ற மூன்றையும் ஒரு ஸ்பேனரோ அல்லன் கீயோ இருந்தால் வீட்டு வாசலிலேயே சரிசெய்துவிடலாம். ஆகவே அந்த மூன்றையும் பார்த்து முடிக்காமல் புதுச் சீட்டு வாங்கப் போவது, என் கருத்தில், வீண் செலவு.

எடை தாங்கும் எலும்புகள்

கெட்டியான மரப்பலகையிலோ சிமெண்ட் திண்ணையிலோ உள்ளங்கைகளை அடியில் வைத்து உட்கார்ந்து பார்த்தால், இருபுறமும் உருண்டையான இரண்டு எலும்பு முனைகள் கையில் தட்டுப்படும். இடுப்பெலும்பின் அடிமுனைகளான இவைதான் உட்காரும்போது உடல் எடையைத் தாங்குவதற்கென்று அமைந்தவை. இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள மென்மையான பகுதி அதற்கு ஏற்றதல்ல. பிறப்புறுப்புக்குச் செல்லும் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் அந்த வழியாகத்தான் செல்கின்றன. எடை அங்கே இறங்கினால் அந்தப் பகுதி மரத்துப்போகும். புதிதாக ஓட்டத் தொடங்கியவருக்கோ, நெடுநாள் இடைவெளிக்குப் பிறகு ஓட்டுகிறவருக்கோ எலும்பு முனைகள் இருக்கும் இடத்தில் முதல் ஓரிரு வாரங்கள் வலிப்பது இயல்பு. ஓட்ட ஓட்ட அது தானாகவே அடங்கிவிடும். நடுப்பகுதி மரத்துப்போவதை அப்படிப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. ஆணோ பெண்ணோ, அந்த உணர்வு வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். மறுபடி ஏறுவதற்கு முன் சீட்டின் அமைப்பில் எதையாவது மாற்றியாக வேண்டும்.

மிக மென்மையான சீட்டு தொந்தரவு தருவதற்கான காரணமும் இதில்தான் இருக்கிறது. எலும்பு முனைகள் ஜெல்லுக்குள் அமிழும்போது, அங்கிருந்து பிதுங்கும் ஜெல் வேறெங்கும் போக வழியின்றி நடுவில் மேடாக எழுந்து, எடை படவே கூடாத இடத்தைத் தாங்கிப் பிடிக்கத் தொடங்கும். கடைத்தெரு வரை பத்து நிமிடம் போய்வருகிறவருக்கு இது தெரியாது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் தெரியும். கடையில் சீட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, நன்றாக அமுங்குவதை எடுத்துக்கொள்ளும் வழக்கம் ஆளை ஏமாற்றுவது இதனால்தான். நீண்ட தூரத்துக்கு ஏற்ற சீட்டுகள் கைக்குக் கெட்டியாகத்தான் இருக்கும். பலவற்றில் நடுவில் பள்ளமோ திறப்போ விட்டிருப்பார்கள்.

அகலத்தை அளக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. மாம்பழப் பருவத்தில் சேலத்து வீடுகளில் காலியாகக் கிடக்கும் அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, உள்ளே அலையலையாக மடிப்பு வைத்த அந்த அட்டையில் உட்காரும் அளவுக்கு ஒரு துண்டை வெட்டிக்கொள்ள வேண்டும். அதைத் திண்ணையிலோ மாடிப்படியிலோ வைத்து, மெல்லிய உடையோடு அதன்மேல் உட்கார்ந்து, குதிகால்களைத் தூக்கி முழங்கால்கள் சற்று உயரும்படி வைத்து, சைக்கிள் ஓட்டும்போது எவ்வளவு குனிவோமோ அவ்வளவு முன்னால் குனிந்து, ஒரு நிமிடம் அசையாமல் இருந்தால் போதும். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு குழிகள் பதிந்திருக்கும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாவிட்டால் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து விரலால் தடவிப் பார்க்கலாம். ஒவ்வொரு குழியின் நடுவிலும் பேனாவால் புள்ளி வைத்து, இரண்டு புள்ளிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் 100 முதல் 140 மி.மீ. வரை இருக்கும். பெண்களுக்குச் சராசரியாகச் சற்றுக் கூடுதல் என்றாலும், இது ஆளுக்கு ஆள் மாறுவது. உடல் பருமனை வைத்தும் ஊகிக்க முடியாது. மெலிந்த உடம்புக்காரருக்கு இந்த இடைவெளி அதிகமாகவும், பருத்தவருக்குக் குறைவாகவும் இருப்பதுண்டு.

இந்த அளவோடு, குனிந்து ஓட்டுகிறவர் சுமார் 20 மி.மீ. கூட்டிக்கொள்ள வேண்டும், நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு 30 அல்லது 40 மி.மீ. கூட்ட வேண்டியிருக்கும். நிமிர்ந்தால் எடை முழுவதும் பின்புறத்து முனைகளில் இறங்கும், குனியக் குனிய இடுப்பு முன்னால் சாய்ந்து, ஒன்றையொன்று நெருங்கிவரும் முன்பக்க எலும்புகளின்மேல் எடை நகரும் என்பதுதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம். 118 மி.மீ. வந்தவர் குனிந்து ஓட்டும் ரோடு சைக்கிளுக்கு 140 மி.மீ. அளவிலும், நேரான ஹேண்டில்பார் உள்ள சாதாரணச் சைக்கிளுக்கு 155 அல்லது 160 மி.மீ. அளவிலும் தேடலாம். சீட்டின் பின்பகுதியில் மிக அகலமான இடத்தைத்தான் அதன் அகலமாகக் கணக்கிடுவார்கள். தேவைக்கு மேல் அகலமான சீட்டும் நல்லதல்ல: ஒவ்வொரு மிதிப்பிலும் தொடையின் உட்புறம் உராயும், அந்த உராய்விலிருந்து தப்பிக்க நம்மையறியாமல் முன்னால் நகர்ந்து, சீட்டின் மூக்கில் போய் உட்கார்ந்துவிடுவோம்.

உயரம்

சரிசெய்யக்கூடிய மூன்றில் முதலில் கவனிக்க வேண்டியது உயரம்தான். நம் ஊர்த் தெருக்களில் ஓடும் சைக்கிள்களில் மிகுதியாகக் காணப்படும் குறை, சீட்டு தேவைக்கு மிகத் தாழ்ந்திருப்பது. உட்கார்ந்தபடியே இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும் என்று கற்றுக்கொள்ளும் வயதில் வைத்த உயரத்தை அதன்பிறகு யாரும் ஏற்றுவதில்லை. பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளியில் கிடைத்த விலையில்லா மிதிவண்டியைச் சீட்டின் உயரம் மாற்றாமலேயே கல்லூரி முடியும்வரை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இடைப்பட்ட காலத்தில் அவர்கள் வளர்ந்திருப்பது சைக்கிளுக்குத் தெரியாது. தாழ்ந்த சீட்டில் முழங்கால் எப்போதும் மடங்கியே இருப்பதால் மூட்டின் முன்புறம் வலிக்கும். அதோடு, மிதிக்கும் காலால் உடல் எடையில் ஒரு பங்கையாவது தாங்கிக்கொள்ள முடியாமல் போவதால், அந்தச் சுமை முழுவதும் சீட்டின்மேல் விழுகிறது. சீட்டு வலிக்கிறது என்று சொல்கிறவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது சில சென்டிமீட்டர் உயரம் மட்டுமே.

உயரம் வைக்க எளிய வழி இது. வழக்கமாகப் போட்டு ஓட்டும் செருப்பையோ ஷூவையோ அணிந்துகொண்டு, சுவரைப் பிடித்தபடி சீட்டில் ஏறி உட்கார வேண்டும். ஒரு பெடலை முற்றிலும் கீழே இறக்கி, அதன்மேல் பாதத்தின் முன்பகுதியை வைக்காமல் குதிகாலை வைக்க வேண்டும். அப்போது முழங்கால் மடங்காமல் நேராக வேண்டும். ஆனால் இடுப்பு அந்தப் பக்கம் சரியக் கூடாது. இப்படி வைத்த பிறகு பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்து வழக்கம்போல மிதித்தால், கால் முழுதாக இறங்கிய நிலையிலும் முழங்காலில் 25 முதல் 35 டிகிரி வரை ஒரு மடிப்பு மிஞ்சும். அதுதான் நமக்கு வேண்டியது. கணக்காகச் செய்ய விரும்புகிறவர்கள், 1986, 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்ற அமெரிக்கரான கிரெக் லெமாண்ட் பெயரால் வழங்கும் முறையைப் பின்பற்றலாம். வெறுங்காலுடன் சுவரில் முதுகு ஒட்ட நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சீட்டு அழுத்துமளவுக்கு இரண்டு கால்களுக்கும் இடையே மேலே தள்ளிப் பிடித்து, புத்தகத்தின் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளந்து, அந்த அளவை 0.883 ஆல் பெருக்கினால், கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை) சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய தூரம் கிடைக்கும். கால் அளவு 80 செ.மீ. என்றால் 70.6 செ.மீ. நிமிர்ந்து ஓட்டும் சைக்கிளில் இதற்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கீழே வைத்தாலும் குறையில்லை. சூத்திரம் சொல்வதும் குதிகால் சொல்வதும் சற்று முரண்பட்டால், நான் குதிகாலையே நம்புவேன்.

இப்படி உயர்த்திய சீட்டில் முதல்முறை உட்கார்ந்தால் கால்விரல் நுனி மட்டுமே தரையில் படும், அதனால் பயம் தோன்றும். ஐந்து ரோடு போன்ற நெரிசலான சிக்னலில் எப்படி நிற்பது என்ற கேள்வி நியாயமானதுதான். பிரேக் பிடித்து வேகம் குறைந்ததும், ஒரு பெடலின்மேல் எழுந்து, சீட்டை விட்டு முன்னால் இறங்கி மற்றொரு காலை ஊன்றுவதே முறை. நின்ற நிலையில் சீட்டில் உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. வாகனம் இல்லாத தெருவில் சிலமுறை பழகிய பிறகு போக்குவரத்துக்குள் போவது நல்லது. பழகும்வரை ஒரேயடியாக ஏற்றாமல், அரை அரை சென்டிமீட்டராக ஏற்றிக்கொண்டு போகலாம்.

ஏற்றுவதற்கு ஓர் எல்லை உண்டு. சீட்டு பைப்பில் இதற்குமேல் வெளியே இழுக்கக் கூடாது என்று கோடு பொறித்திருப்பார்கள். அந்தக் கோடு ஃப்ரேமுக்கு வெளியே தெரியக் கூடாது. பழைய சைக்கிளில் கோடு அழிந்திருந்தால், குறைந்தது 7 செ.மீ. பைப்பாவது உள்ளே இருக்கிறதா என்று உருவிப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். அதற்குக் குறைந்தால் பைப் வளையும். சில சமயம் ஃப்ரேமே விரிசல் விடும். அப்போது நீளமான பைப் வாங்குவதே வழி. இரும்பு அல்லது அலுமினிய பைப்பை வெளியே எடுத்திருக்கும்போதே துடைத்து லேசாகக் கிரீஸ் தடவி வைத்தால், அடுத்த மழைக்காலத்துக்குப் பிறகும் அது துருவேறிப் பிடித்துக்கொள்ளாமல் இருக்கும்.

முன்பின் இருப்பு

சீட்டின் அடியில் உள்ள இரண்டு கம்பிகளின் வழியாக அதை முன்னும் பின்னும் நகர்த்தலாம். தொடக்க நிலையைக் கண்டுபிடிக்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டு, அல்லது நுனியில் ஒரு நட்டு கட்டிய நூல் போதும். சீட்டில் உட்கார்ந்து கிராங்கைத் தரைக்குக் கிடையாக வைத்து, முன்னாலிருக்கும் காலின் முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே நூலைப் பிடித்தால், அது பெடலின் அச்சை ஒட்டித் தொங்க வேண்டும். இது உடற்கூறு விதி எதுவுமில்லை, தேடத் தொடங்குவதற்கான ஓர் இடம் மட்டுமே. ஒன்றரை சென்டிமீட்டர் பின்னால் வைத்துச் சுகமாக ஓட்டுகிறவர்கள் பலர். ஹேண்டில்பார் எட்டவில்லை என்பதற்காகச் சீட்டை முன்னால் தள்ளுவதுதான் தவறு. அப்படிச் செய்தால் எடை கைகளுக்கு மாறி உள்ளங்கை மரத்துப்போகும். எட்டாத ஹேண்டில்பாரை ஹேண்டில்பாரிடமே சரிசெய்ய வேண்டும். சீட்டைப் பின்னால் நகர்த்தினால் பெடலிலிருந்து அதன் தூரமும் கூடுவதால், உயரத்தை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாய்வும் மலைப்பாதையும்

சாய்வைப் பொறுத்தவரை எல்லோரும் சமநிலையிலிருந்தே தொடங்கலாம். சமதரையில் சைக்கிளை நேராக நிறுத்தி, சீட்டின்மேல் முன்னிருந்து பின்னாக ஒரு கெட்டிப் புத்தகத்தை வைத்து, அதன்மேல் ரசமட்டத்தையோ கைப்பேசியில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியையோ வைத்துப் பார்க்க வேண்டும். 27 செ.மீ. நீளமுள்ள சீட்டில் மூக்கு அரை சென்டிமீட்டர் இறங்கினால் அது ஏறக்குறைய 1 டிகிரி. மிகச் சிறிய மாற்றம்தான், ஆனால் அரை மணி நேரத்தில் உடம்பு அதைக் கண்டுபிடித்துவிடும்.

புதிய சைக்கிள்களில் ஒன்றிரண்டு அல்லன் போல்ட்டுகளைத் தளர்த்தி நுட்பமாகச் சாய்க்கலாம். பழைய வகைச் சைக்கிளில் அப்படியில்லை. அங்கே சீட்டின் அடியிலுள்ள கிளாம்ப் இருபுறமும் நட்டு போட்டு இறுக்கியிருக்கும். உள்ளே வட்டமாகப் பல் வெட்டிய இரண்டு தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தியிருக்கும். இரண்டு பக்கத்து நட்டுகளையும் நன்றாகத் தளர்த்தினால்தான் பற்கள் விலகும். பாதி தளர்த்திவிட்டுச் சீட்டை அமுக்கினால் பற்களின் முனை மழுங்கிவிடும். அதன்பிறகு எவ்வளவு இறுக்கினாலும் சீட்டு ஊஞ்சல்போல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டேயிருக்கும். ஒரு பல் நகர்ந்தாலே சில டிகிரி மாறிவிடுவதால், இந்த வகையில் துல்லியம் கிடைக்காது. சமநிலைக்கு மிக அருகில், மூக்கு துளி இறங்கியிருக்கும் பல்லைத் தேர்ந்தெடுத்து, பற்கள் ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே இருபுறமும் மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். கிளாம்ப் ஏற்கெனவே ஆடுகிறதென்றால், சீட்டை மாற்றாமல் கிளாம்பை மட்டும் மாற்றினால் போதும்.

மூக்கு துளி இறங்கியிருக்கலாம் என்பதற்கு, ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலை ஒரு நல்ல காரணம். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டரில். அடிவாரத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் வழியாக ஏறும் சாலையில், 100 மீட்டர் தூரத்துக்கு ஐந்தாறு மீட்டர் ஏற்றம் என்பது சராசரி. அந்தச் சரிவில் சைக்கிளே 3 டிகிரிக்கு மேல் பின்னால் சாய்ந்து நிற்கும். சமதரையில் மட்டமாக வைத்த சீட்டின் மூக்கு அங்கே அதே அளவு மேலே தூக்கியிருக்கும். 100 மீட்டருக்கு 10 மீட்டர் ஏறும் இடமென்றால் அது ஆறு டிகிரியை நெருங்கிவிடும். தரையில் எந்தத் தொல்லையும் தராத சீட்டு மலையில் மரத்துப்போக வைப்பதன் காரணம் இதுதான். கூடவே, ஏற்றத்தில் கால் மெதுவாகச் சுற்றுவதும், இறக்கமோ சிக்னலோ குறுக்கிடாமல் தொடர்ந்து உட்கார்ந்தே இருப்பதும் சேர்ந்துகொள்கின்றன.

ஆகவே அடிக்கடி மலையேறுகிறவர் மூக்கை 1 அல்லது 2 டிகிரி இறக்கி வைப்பது நல்லது. அதற்குமேல் இறக்கினால், ஏற்றத்தில் இதமாக இருந்தாலும் ஓமலூர் சாலை போன்ற சமதரையில் உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்கக் கைகள் ஓயாமல் பின்னால் தள்ள வேண்டியிருக்கும். மாலையில் தோளும் மணிக்கட்டும் வலிக்கும். எவ்வளவு பொருத்தமாக வைத்தாலும் மலையில் அவ்வப்போது சீட்டை விட்டு எழுந்து மிதிப்பது அவசியம். அதற்கு ஏற்ற இடம் இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவுகள். நாம் இடதுபுறமாகவே செல்வதால் அந்த வளைவுகளில் நம் பாதை உட்பக்கமாக அமைந்து, ஏற்றம் சட்டென்று கூடும். எப்படியும் எழுந்தால்தான் மிதிக்க முடியும். பேருந்து இறங்கி வருகிறதா என்று பார்த்துவிட்டு, பதினைந்து இருபது மிதிப்பு எழுந்து மிதித்தால் அந்த நேரத்தில் இரத்த ஓட்டம் திரும்பிவிடும். இறங்கும்போது இரண்டு பெடல்களையும் கிடையாக வைத்து, எடையைப் பாதங்களில் தாங்கி, சீட்டை லேசாகத் தொட்டபடி வந்தால் போதும்.

வலி சொல்லும் செய்தி

எது சரியில்லை என்பதை வலிக்கும் இடமே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். முழங்காலின் முன்புறம் வலித்தால் சீட்டு தாழ்ந்திருக்கிறது, அல்லது மிக முன்னால் இருக்கிறது. முழங்காலின் பின்புறம் வலித்தாலோ, பின்னால் வருகிறவர் பார்க்கும்போது இடுப்பு இருபுறமும் ஆடினாலோ சீட்டு அதிக உயரம். மரத்துப்போனால் மூக்கு தூக்கியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், பிறகு உயரத்தை, அவை இரண்டும் சரியென்றால் அகலத்தைச் சந்தேகிக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் அளவில் மாற்றி, இரண்டு மூன்று முறை ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். மாற்றுவதற்கு முன் சீட்டு பைப்பில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி அடையாளம் வைத்துக்கொண்டால், பிடிக்காதபோது பழைய இடத்துக்கே திரும்பலாம். சீட்டை எல்லா வகையிலும் சரிசெய்த பிறகும் மரப்பு தொடர்ந்தாலோ, இறங்கி வெகுநேரம் ஆகியும் நீங்காவிட்டாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வலியும் தோல் உராய்வும் வேறுவேறு. சித்திரை, வைகாசி வெயிலில் சேலத்தில் நனைந்த பருத்தி உள்ளாடையின் தையல் தொடையிடுக்கை அறுப்பதற்குச் சீட்டு என்ன செய்யும்? நீண்ட தூரத்துக்குத் தையல் நடுவில் வராத, உட்காரும் இடத்தில் மெத்தைப் பட்டை வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் நல்லது. அதை உள்ளாடையின்றி அணிய வேண்டும், ஒவ்வொரு முறையும் துவைத்தே மறுபடி அணிய வேண்டும். உராயும் இடத்தில் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவிக்கொள்வதும் உதவும்.

இவ்வளவும் செய்து, அட்டையில் எடுத்த அளவும் கையிலுள்ள சீட்டும் பொருந்தவில்லை என்று தெரிந்த பிறகு கடைக்குப் போகலாம். அளவை எழுதிக்கொண்டு போக வேண்டும். பொருந்தாவிட்டால் மாற்றித் தருவார்களா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். பழைய வகைச் சைக்கிள் வைத்திருப்பவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புதிய வகைச் சீட்டுகள் பெரும்பாலும் கிளாம்ப் இல்லாமல், அடியில் 7 மி.மீ. கம்பிகளோடு மட்டும் வரும். அவற்றைப் பழைய சீட்டு பைப்பில் மாட்டத் தனியாக ஒரு கிளாம்ப் வேண்டும். அதையும் அதே கடையில் வாங்கி, அங்கேயே மாட்டிப் பார்த்துவிட்டு வருவது மேல்.